குளிர் வந்துவிட்டது, சைக்கிளை மூலையில் சாத்தலாமா?



மார்கழி பிறந்துவிட்டது. இலங்கையில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது என்றுதான் பாடசாலையில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். வடகீழ்ப் பருவக்காற்று, தென்மேல் பருவக்காற்று, இடையில் இரண்டு இடைப்பருவங்கள், அவ்வளவுதான். ஆனால் டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு விடியற்காலை ஹந்தானைக்கு வந்து பார்த்தால் அந்தப் பாடம் மறந்துபோகும். கண்டி நகரத்திலேயே இரவில் வெப்பநிலை 18 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். நுவரெலியாக்காரர் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே தை, மாசியில் உறைபனி விழுந்து கொழுந்தே கருகிவிடும். என்றாலும் உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பம் ஆறு, ஏழு பாகை குறையும் என்பது கணக்கு. நகரத்துக்கு மேலே சில நூறு மீற்றர் உயரத்தில் இருக்கும் லயன்களில் இன்னும் இரண்டு மூன்று பாகை குறைவு. அதற்கு மேல் ஈரமும் காற்றும். சைக்கிளில் இறக்கத்தில் வரும்போது விரல்கள் விறைத்து, பிரேக் பிடிக்க மடங்காது.

நான் சைக்கிளில் வேலைக்குப் போவது பற்றி இந்தப் பக்கத்தில் முன்னர் ஒரு தடவை எழுதியிருந்தேன். அதைப் படித்துச் சில சகோதரிகள் கடிதம் போட்டிருந்தார்கள். "இந்தக் குளிருக்குள்ளும் போகிறீர்களா, வசதியாக பஸ்ஸில் போகலாமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். "எனக்கு நாற்பத்தெட்டு வயது, இனிச் சைக்கிள் பழகலாமா" என்று இன்னொருவர். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலாவது சின்னக் கேள்வி போலத் தெரிகிறது, ஆனால் யோசிக்க யோசிக்க நீண்டுகொண்டே போகிறது.

முதலில் என் பாதையைச் சொல்லிவிடுகிறேன். கண்டி பெரியாஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து ஹந்தானை வீதி ஏறத் தொடங்கும். ஏற்றம் என்றால் மூச்சு வாங்கும் ஏற்றம். 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று வழியில் இருக்கிறது. நெடுங்காலம் மூடிக்கிடந்து 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதைத் தாண்டினால் தேயிலையும் பைன் மரங்களும் லயன்களும். மலைத்தொடரின் அந்தப் பக்க அடிவாரத்தில்தான் பேராதனைப் பல்கலைக்கழகம். அங்கே சமூகவியல் படிக்க வந்தபோதுதான் முதன்முதலாகக் குளிரைக் கண்டேன். நான் பிறந்தது கிளிநொச்சியில். ஆனால் என் அம்மாச்சியும் தாத்தாவும் இந்த மலையகத்தவர்கள்தான். 1977 கலவரத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு வன்னிக்குப் போனவர்கள். அம்மாச்சி சாகும்வரை "எங்க ஊர்க் குளிரு" என்று ஏதோ சொத்தை விட்டு வந்தவர் போலச் சொல்வார். அந்தச் சொத்து இப்போது எனக்கு நாள்தோறும் கிடைக்கிறது.

வன்னியில் வளர்ந்த பெண்ணுக்குச் சைக்கிள் ஓடுவது நடப்பதைப் போன்றது. கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ காலையில் வீதியோரம் நின்றால் வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள், சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஆசிரியை போவார், கரியரில் கீரைக்கட்டோடு வயதான அம்மா போவார். மலையகத்தில் சைக்கிள் ஓடும் பெண்ணைக் காண்பது அரிது. மேடு பள்ளம் ஒரு காரணம். அதனால் லயன் வாசலில் நான் இறங்கும்போது இன்றைக்கும் ஒரு கூட்டம் கூடும். "இந்தக் குளிர்ல சைக்கிள்ல வாறீங்களே மிஸ், ஒங்களுக்குப் பைத்தியமா?" என்று கேட்டுக்கொண்டே பிளேன்ரீயை நீட்டுவார்கள். செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் விலையுயர்ந்த சைக்கிள்களில் பளபளக்கும் உடையோடு வரும் ஆண்கள் சிலர், தள்ளிக்கொண்டு போகும் என்னைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. குளிரையும் மழையையும் வெல்வதை வீரமாக்கிப் பேசும் அந்தப் பேச்சு எனக்கு ஒத்துவருவதில்லை. எனக்கு யாரையும் வெல்ல வேண்டியதில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

சரி, குளிர் வந்தால் என்ன நடக்கிறது? ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும். போர்வைக்குள் உடம்பு சூடாக இருக்கும். வெளியே கூரைத் தகரத்தில் பனி சொட்டும் சத்தம். இன்றைக்கு மட்டும் பஸ்ஸில் போகலாம் என்று மனம் சொல்லும். நியாயமான காரணங்கள் வேறு கிடைக்கும்: லேசாகத் தடிமன் பிடித்திருக்கிறது, ரயரில் காற்றுக் குறைவு, ரோட்டில் பாசி. இன்றைக்கு மட்டும் என்பது ஒரு கிழமையாகும். ஒரு கிழமை, தைப்பொங்கல்வரை நீளும். மாசியில் சைக்கிளை எடுத்து மிதித்தால் முதல் ஏற்றத்திலேயே நெஞ்சு அடைக்கும். சைக்கிள் ஓடும் எல்லோருக்கும் இது தெரியும். உடம்பு சுகத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது, அதிலிருந்து மீள எவ்வளவு காலம் எடுக்கிறது!

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரத்தில் இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று கிழமைகள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். பிறகு அவர்களுடைய உடல் உழைக்கும் திறனைச் சோதித்தார்கள். முப்பது வருடங்கள் கழித்து அதே ஐந்து பேரையும் மீண்டும் தேடிப்பிடித்துச் சோதித்தபோது, முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று கிழமைப் படுக்கை செய்த சேதம் பெரிதாக இருந்தது. ஆறுதலான ஒரு செய்தியும் அதில் இருக்கிறது: ஐம்பது வயதில் அவர்களை மெல்ல மெல்லப் பயிற்சி செய்ய வைத்தபோது, வயதால் இழந்த திறன் பெரும்பாலும் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் சகோதரிகள் சிலர் பத்திரிகையை மூடிவைக்கக் கூடும். "நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? பதுங்குகுழியிலும் தறப்பாள் கொட்டிலிலும் கிடந்து வந்தவர்களுக்குச் சுகம் ஆபத்து என்று சொல்கிறாயா?" இந்தக் கோபம் நியாயமானது. காய்ந்த இடத்தில் படுப்பதும் கதவைப் பூட்டிக்கொண்டு நித்திரை கொள்வதும் சொகுசு இல்லை. அது ஓய்வு. நம்மில் பலருக்கு அந்த ஓய்வு இன்னும் கடனாகத்தான் நிற்கிறது. குளிர்காலத்தில் யார் போர்வைக்குள் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். லயத்துக் காம்பராவில் நாலரை மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சுடுதண்ணீர் வைத்து, ரொட்டி சுட்டு, ஏழு மணிக்கு முன் மலைக்குப் போகும் பெண்ணிடம் சுகத்தின் ஆபத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அந்த வீட்டில் மற்ற எல்லோருடைய சுகமும் அவருடைய கையில்தான் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒருவருடைய சுகத்தை யார் சுமக்கிறார்கள் என்று கேட்கச் சமூகவியல் எனக்குக் கற்றுத் தந்தது. பரீட்சைக்காகப் படித்ததில் மறக்காமல் இருப்பது அது ஒன்றுதான்.

நான் பயப்படுவது வேறொரு வகைச் சுகத்துக்கு. அது அன்பாக வரும். பாதுகாப்பு என்ற பெயரில் வரும். நம்மைக் கேட்காமலேயே நம் நடமாட்டத்தைக் குறைத்துவிடும்.

வன்னியில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வரும்போது கையில் மூன்று பிள்ளைகளும் ஒரு பையும்தான். முகாமிலிருந்து மீள்குடியேறிய பிறகு முதலில் தேடியது ஒரு பழைய சைக்கிள். விடியற்காலை இடியப்பம் அவித்து, கரியரில் கட்டி, கடைகளுக்குப் போட்டுவிட்டு வந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவார். மார்கழி மழையில் வன்னியில் ரோடும் வயலும் ஒன்றாகத் தெரியும், அதற்குள்ளும் போவார். அப்படித்தான் மூன்று பேரையும் வளர்த்தார். மூத்த மகன் வெளிநாடு போய்க் காசு அனுப்பத் தொடங்கியதும் முதலில் சொன்னது, "இனி நீங்க ஒரு இடமும் போகக் கூடாது அம்மா, காணும் நீங்க பட்டது" என்பதுதான். எந்தத் தாய்க்கும் மனம் குளிரும் வார்த்தை. இடியப்ப வேலை நின்றது. மகளுக்கு ஸ்கூட்டி வந்தது. சாமான் வேண்டுமென்றால் மகள் வாங்கி வருவாள். சைக்கிள் கொஞ்ச நாள் கோடியில் கிடந்து துருப்பிடித்தது, பிறகு பழைய இரும்புக்காரனுக்குப் போனது.

அவரை அடுத்த தடவை பார்த்தபோது சலரோகம் வந்திருந்தது, முழங்கால் வலி இருந்தது. இவற்றைவிட என்னை வருத்தியது, அவருக்கு ஊர்ச் செய்தி ஒன்றும் தெரியவில்லை என்பதுதான். முன்பு இடியப்பம் போடப் போகும் வழியில் யார் வீட்டில் கலியாணம், யாருக்குக் காணிப் பிரச்சினை, பிரதேச செயலகத்தில் என்ன பதிவு நடக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். காணாமற்போன உறவுகளுக்கான கூட்டம் எங்கே என்று எனக்கே சொல்லித் தருவார். இப்போது தொலைக்காட்சி நாடகக் கதை சொன்னார். "சுகமா இருக்கச் சொல்லிப்போட்டு என்னைக் கதிரையில கட்டிப்போட்டாங்கள், பிள்ளை" என்றார் சிரித்துக்கொண்டே.

பிறகு 2022 வந்தது. அந்த வருடம் ஜூன் 27ஆம் திகதி நள்ளிரவிலிருந்து அத்தியாவசியச் சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது நினைவிருக்கும். ஸ்கூட்டி வீட்டில் நின்றது. கிளினிக் ஆறு கிலோமீற்றர் தூரம். பக்கத்து வீட்டுச் சைக்கிளை வாங்கி ஏறினால் நூறு யார் போவதற்குள் கால் நடுங்கியது. சைக்கிள் ஒன்று புதிதாக வாங்கலாம் என்றால் விலை இரண்டு மடங்குக்கு மேல். பத்து வருடங்கள் தன் காலால் மூன்று பிள்ளைகளைச் சுமந்த பெண், மாத்திரை எடுக்கப் போக வழியில்லாமல் வாசலில் நின்றார்.

வடக்கில் நம்முடைய மூத்தவர்களுக்கு 2022 பழைய கதைதான். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. யாழ்ப்பாணமே சைக்கிளில் ஓடியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, கிழவியைக் கரியரிலும் குழந்தையைப் பாரிலும் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று யாரும் விரும்ப மாட்டோம். ஆனால் அந்தக் காலத்தைத் தாண்டிவந்த திறமையையும் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

வாசலுக்கே வரும் சுகத்தில் இன்னொன்றும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். போர் முடிந்த பிறகு கடன் கொடுப்பவர்கள் வீடு தேடி வந்தார்கள். வங்கிக்கு அலைய வேண்டாம், படிவம் நிரப்ப வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும், காசு கைக்கு வரும். வசூலிக்கவும் அவர்களே வாசலுக்கு வந்தார்கள், கிழமை தவறாமல். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் நின்ற சிறு நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது. ஐந்து கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து நாலு பெண்களோடு கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து பேசியிருந்தால், "வட்டி எவ்வளவு" என்று கேட்க ஒருத்தியாவது இருந்திருப்பாள்.

வெளியே போகும் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை ஏழை மாவட்டம், வரண்ட மண். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கலாம் என்ற யோசனைக்கு அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். விவசாயக் கூலிப் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், தாதிகள், பாலர் பாடசாலை ஆசிரியைகள், வெளியே வராத முஸ்லிம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஏறினார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். வீதியில் கேலி செய்தார்கள், கெட்ட பேச்சுப் பேசினார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனபோது பெண்கள் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். நடுவில் இருக்கும் பாரில் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரம் மிஞ்சியது, விளைந்ததைப் பக்கத்து ஊர்களிலும் விற்க முடிந்தது, தண்ணீர் எடுப்பது சுலபமானது. எல்லாவற்றிலும் மேலாக, யாராவது கூட்டிக்கொண்டு போவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை ஒழிந்தது. வருமானக் கணக்கில் இது வராது. பெண்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

திரும்பவும் ஹந்தானைக்கு வருவோம். இங்கே குளிர் தனியாக வருவதில்லை, மழையோடு வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்தபோது நாடு முழுவதும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் போயின. அதிக உயிர்களை இழந்தது கண்டி மாவட்டம்தான். ஹந்தானைச் சரிவுகளும் தப்பவில்லை. இறந்தவர்கள் சுகத்தில் தூங்கி இறந்தார்கள் என்று யாராவது சொன்னால் அது பாவப் பேச்சு. போக இடமில்லாதவர்கள் இருந்தார்கள். எச்சரிக்கை தமிழில் நேரத்துக்கு வரவில்லை என்ற முறைப்பாடு இருந்தது. மாற்றுக் காணி கேட்டு வருடக்கணக்காக அலைந்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கணக்கை அதிகாரத்தில் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆனாலும் லயன்களில் வேலை செய்பவள் என்ற முறையில் ஒன்றை மறைக்க முடியாது. குளிர் இரவில், மழை கூரையில் அடிக்கும்போது, பிள்ளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கும்போது, போர்வையை விலக்கி வெளியே போவதைப் போலக் கடினமான காரியம் வேறில்லை. விடியட்டும் பார்ப்போம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அதனால் அந்த முடிவை இரவுக்கு விடக்கூடாது என்று மாதர் சங்கக் கூட்டங்களில் சொல்லி வருகிறேன். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றாலே மஞ்சளுக்குரிய அளவு, 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் சிவப்புத்தான். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம் அல்லது தூண், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, திறக்க முடியாமல் இறுகும் கதவு, இவற்றைக் கண்டால் எந்த நிறத்துக்கும் காத்திருக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில், உடம்பு சூடாக இருக்கும்போதே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர்களுக்கு அந்தப் பையைப் பற்றி நான் படிப்பிக்க வேண்டியதில்லை. ஒரு தாய் இன்றும் கட்டிலுக்குக் கீழே அந்தப் பையை வைத்திருக்கிறார். மகள்கள் கேலி செய்கிறார்களாம். செய்யட்டும்.

அவ்வாறான கடும் மழை நாளில் நானும் சைக்கிளை எடுப்பதில்லை. மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் தெரியாவிட்டாலும் எடுப்பதில்லை. மற்ற நாட்களில் எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்ட சகோதரிக்குச் சொல்கிறேன். முழங்காலும் காதும் மூடியிருக்க வேண்டும். இறக்கத்துக்கு முன் ஸ்வெட்டருக்குள்ளே நெஞ்சுப் பக்கம் பழைய பத்திரிகைத் தாள் இரண்டை விரித்து வைத்தால் காற்று ஊடுருவாது. ஐரோப்பாவில் மலைப்பாதைப் பந்தயம் ஓடியவர்கள் செய்த வேலை அது, செலவில்லாதது. நனைந்த ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது. வளைவுக்கு முன்னமே லேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, பிறகு இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்த வேண்டும், வளைவுக்குள் போன பிறகு அல்ல. குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வைத்தியர் தந்த இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். தேயிலைக்குள் சைக்கிளைச் சாத்திவிட்டு நடக்க வேண்டி வந்தால், கால்மேசில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள், அட்டை ஏறாது. உலக சுகாதார நிறுவனம் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் உடலசைவு வேண்டும் என்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். சந்தைக்குப் போய்வந்தாலே கணக்குச் சரி.

வன்னி அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. வெளிநாட்டு மகனுக்குச் சொல்லாமல், சீட்டுக்காசில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். முதல் மாதம் கோயிலடிவரைதான். இப்போது கிளினிக்குக்கு ஒரு பக்கம் ஓடுகிறார், வரும்போது பஸ்ஸில் வருகிறார், சைக்கிளை ஆஸ்பத்திரிக் காவலாளியிடம் விட்டுவிட்டு. மறுநாள் எடுக்கப் போவதற்கு அது ஒரு சாட்டு என்கிறார். சலரோகம் போகவில்லை, குறைந்திருக்கிறது. மகனுக்கு இன்னும் தெரியாது. இதழில் எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "அவன் தமிழ் வாசிக்க மறந்திருப்பான், எழுது பிள்ளை" என்றார்.

இனி நாற்பத்தெட்டு வயதுச் சகோதரிக்கு. பழகலாம். புதுக்கோட்டையில் உங்களைவிட மூத்தவர்களும் பழகினார்கள். கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட ஆள் தேட வேண்டாம், அந்த முறை பயத்தைத்தான் கூட்டும். சீற்றை நன்றாகக் கீழே இறக்குங்கள், உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பட வேண்டும். பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பாடசாலை மைதானம் போல லேசான சரிவுள்ள இடத்தில், காலால் நிலத்தை உந்தி உந்திப் போங்கள். கண் முன் சில்லைப் பார்க்கக் கூடாது, இருபதடி தள்ளி ஏதாவது மரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு காலையும் தூக்கி ஐந்து எண்ணும்வரை விழாமல் போக முடிந்தால் சமநிலை வந்துவிட்டது, பெடலைத் திரும்பப் பூட்டலாம். நாளுக்கு அரை மணித்தியாலம் போதும். பெடல் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வலப்பக்கப் பெடல் மற்ற நட்டுகளைப் போல இடப்பக்கம் திருப்பினால் கழலும், இடப்பக்கப் பெடலின் மரை எதிர்மாறானது, அதை வலப்பக்கம் திருப்ப வேண்டும். 15ஆம் நம்பர் ஸ்பனர் வேண்டும். வீட்டில் இல்லாவிட்டால் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்துக் கழற்றி வாங்குங்கள், எதற்கு என்று கேட்டால் சொல்லுங்கள்.